மின்னோட்டமும் காந்த விசையும்: வலக்கை ஒன்றாலேயே திசை காணும் முழுமையான வழிகாட்டி

காந்தப் புலத்தில் உள்ள கம்பியில் தாக்கும் விசையின் பருமனைக் கணிப்பதில் நம் பிள்ளைகள் தடுமாறுவது குறைவு. காந்தப் பாய அடர்த்தி (அதாவது புலத்தின் வலிமை), மின்னோட்டம், நீளம் ஆகியவற்றைப் பெருக்கினால் விடை வந்துவிடும். காலை வாரிவிடுவது திசைதான். கம்பி மேலே எழுமா, கீழே அமிழுமா, பக்கவாட்டில் விலகுமா என்று வினா கேட்டவுடன் மண்டபத்தில் பாதிப் பேர் கைகளை முறுக்கிக்கொண்டு கூரையைப் பார்க்கிறார்கள்.

தலைக்குள் விதிகள் கூடிப்போனதே இதற்குக் காரணம். மக்ஸ்வெல்லின் தக்கைத்திருகி விதி, வலக்கைப் பிடி விதி, பிளெமிங்கின் இடக்கை விதி, பிளெமிங்கின் வலக்கை விதி என்று சாதாரண தரத்திலிருந்து உயர்தரம் வரை அடுக்கடுக்காக வருகின்றன. எந்தக் கை, எந்த விரல், அந்த விரலுக்கு என்ன வேலை என்பதை மனப்பாடம் செய்தவர்கள் ரியூட்டரியில் சரியாகச் சொல்வார்கள். வினாத்தாள் முன்னால் வந்ததும் கை மாறிவிடும்.

என் கருத்தில் இரண்டு விதிகள் போதும். இரண்டுமே வலக்கைக்குரியவை. மின்னோட்டம் எப்படிப்பட்ட புலத்தை உண்டாக்குகிறது என்பதற்குப் பிடி விதி. புலம் மின்னோட்டத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதற்கு உள்ளங்கை விதி. பிளெமிங்கின் இரண்டு கைகளும் இந்த உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனாலும் பரீட்சையில் அவர் பெயரைச் சொல்லியே கேட்பார்கள் என்பதால் அதையும் உரிய இடத்தில் விளக்குகிறேன்.

கையைத் தூக்குவதற்கு முன்

பேனையைக் கீழே வையுங்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. வலக்கையால் எழுதுபவர்களின் வலக்கையில் பேனை இருக்கும். சும்மா இருப்பது இடக்கை. அவசரத்தில் சும்மா இருக்கும் கைதான் மேலே எழும். வலக்கை விதியை இடக்கையில் செய்து, நேரெதிரான விடையை மிகுந்த நம்பிக்கையோடு எழுதிவிட்டு வருபவர்கள் ஏராளம்.

பேனையை வைப்பதற்கு முன்பே அதால் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. மின்னோட்டத்துக்கு ஓர் அம்புக்குறி, புலத்துக்கு ஓர் அம்புக்குறி, இரண்டையும் தாளில் போட்டுவிட வேண்டும். மனதில் போட்ட அம்புக்குறி கையைச் சுழற்றும்போது தானும் சேர்ந்து சுழன்றுவிடும். தாளில் போட்டது அசையாது.

தாளுக்குச் செங்குத்தான திசைகளுக்கு இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. வட்டத்துக்குள் புள்ளி போட்டால் அம்பு தாளிலிருந்து உங்களை நோக்கி வருகிறது என்று பொருள். நீங்கள் பார்ப்பது அதன் கூர்முனையை. வட்டத்துக்குள் புள்ளடி போட்டால் அம்பு உங்களைவிட்டுத் தாளுக்குள் போகிறது. பார்ப்பது வாலில் கட்டிய இறகை.

மின்னோட்டத்தின் திசை என்பது, மின்கலத்துக்கு வெளியே உள்ள சுற்றில், நேர் முடிவிடத்திலிருந்து மறை முடிவிடத்துக்குப் போகும் திசை. கம்பிக்குள் உண்மையில் நகரும் இலத்திரன்கள் இதற்கு எதிர்த்திசையில் போகின்றன. இந்த மரபு வேரூன்றி நெடுங்காலத்துக்குப் பிறகே, 1897இல், ஜே. ஜே. தொம்சன் இலத்திரனை இனங்கண்டார். அதற்குள் மரபை மாற்றக் காலம் கடந்துவிட்டது. ஆகவே கை விதிகள் எல்லாம் நேரேற்றம் ஓடுவதாகவே எண்ணி அமைந்தவை. புலத்தின் திசை, காந்தத்துக்கு வெளியே வட முனைவிலிருந்து தென் முனைவுக்கு. காந்தத்துக்கு உள்ளே தெற்கிலிருந்து வடக்குக்கு. இந்த இரண்டாவது வசனத்தை மறப்பவர்கள் வரிச்சுருள் (நீளமாகச் சுற்றிய கம்பிச் சுருள்) கணக்கில் மாட்டிக்கொள்வார்கள்.

பிடி விதி

1820இல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்தியான் ஏர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். ஊசி திரும்பியதைவிட அது திரும்பிய விதமே விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது. ஊசி கம்பியை நோக்கி இழுபடவும் இல்லை, விலகி ஓடவும் இல்லை. கம்பிக்குக் குறுக்காகத் திரும்பி நின்றது. அதுவரை அறியப்பட்ட ஈர்ப்பு விசையும் மின்விசையும் இரண்டு பொருள்களை இணைக்கும் கோட்டின் வழியே தாக்குபவை. பக்கவாட்டில் தள்ளும் விசை புதியது. திசைக்கென்று ஒரு விதி தேவைப்பட்டதே இந்தக் குறுக்குப் புத்தியால்தான்.

அதே ஆண்டில் பிரான்சின் அந்திரே மரீ அம்பியர் ஒரு விதி சொன்னார். மின்னோட்டம் காலால் புகுந்து தலையால் வெளியேறும்படி கம்பியின் வழியே ஒருவர் நீந்துவதாகவும், அவர் முகம் ஊசியைப் பார்ப்பதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊசியின் வட முனைவு அவருடைய இடப்பக்கம் திரும்பும். கீரிமலைக் கேணியில் ஒருவர் வடக்கே பார்த்துக் குப்புற நீந்துகிறார், ஊசி அடியில் கிடக்கிறது என்று வைத்தால், ஊசியின் வட முனைவு மேற்கே போகும். விதி சரியானதே. ஆனால் மனதில் ஓர் ஆளை நீந்தவிட்டு அவரைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதைவிடக் கையைப் பயன்படுத்துவது எளிது.

செய்முறை இதுதான். கம்பியை வலக்கையால் பிடியுங்கள். நீட்டிய பெருவிரல் மின்னோட்டத்தின் திசை. மற்ற நான்கு விரல்களும் கம்பியைச் சுற்றி வளையும் திசை, புலக் கோடுகளின் திசை. தாளில் மேல்நோக்கிப் போகும் கம்பியைப் பிடித்துப் பாருங்கள். கம்பிக்கு வலப்பக்கத்தில் விரல்கள் தாளுக்குள் போகும்: அங்கே புள்ளடி. இடப்பக்கத்தில் தாளைவிட்டு வெளியே வரும்: அங்கே புள்ளி.

தக்கைத்திருகி விதி என்று படிப்பதும் இதுவே. சாதாரணத் திருகாணியை வலஞ்சுழியாகத் திருப்பினால் அது உள்ளே போகும் அல்லவா? உள்ளே போகும் திசை மின்னோட்டம் என்றால், திருப்பும் திசை புலம். போத்தல் தக்கையைத் திருகிக் கழற்றும் கருவியைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு அதன் பெயரில் விதியைக் கற்பிப்பதைவிட, ஒரு திருகாணியையும் திருப்பியையும் கையில் கொடுப்பது மேல்.

கம்பியைச் சுருளாக்கினால் விரல்களின் வேலை இடம் மாறுகிறது. இப்போது மின்னோட்டம்தான் வளைகிறது. ஆகவே நான்கு விரல்களையும் சுருளில் மின்னோட்டம் சுற்றும் திசையில் வளையுங்கள். பெருவிரல் சுருளுக்குள் இருக்கும் புலத்தைக் காட்டும். அது நீட்டிய முனையே வட முனைவு. வளைவது எதுவோ அது விரல்களுக்கு, நேராகப் போவது எதுவோ அது பெருவிரலுக்கு என்று பிடித்துக்கொண்டால் இரண்டு நிலைகளுக்கும் ஒரே விதிதான்.

உள்ளங்கை விதி

வலக்கையை விரித்து, நான்கு விரல்களையும் ஒன்றாகச் சேர்த்து நீட்டுங்கள். பெருவிரலை அவற்றுக்குச் செங்குத்தாக விரியுங்கள்.

நான்கு விரல்கள் புலத்தின் திசை.
பெருவிரல் மின்னோட்டத்தின் திசை.
உள்ளங்கை எந்தப் பக்கம் தள்ளுமோ அந்தப் பக்கம் விசை.

எது எதற்கு என்று குழம்பாமலிருக்கக் காரணத்தோடு நினைவில் வையுங்கள். புலக் கோடுகளைப் பல கோடுகளாக வரைகிறோம், விரல்களும் பல. கம்பி ஒன்று, பெருவிரலும் ஒன்று. தள்ளுவது எப்போதும் உள்ளங்கையால்தான். புறங்கையால் யாரும் கதவைத் தள்ளுவதில்லை.

முதல் பயிற்சியாக வடக்கைப் பார்த்து நில்லுங்கள். காலை நேரமானால் சூரியன் வலப்பக்கம் இருக்க வேண்டும். புலம் வடக்கு நோக்கியும் மின்னோட்டம் கிழக்கு நோக்கியும் இருப்பதாகக் கொள்வோம். விரல்களை முன்னே நீட்டுங்கள். பெருவிரல் வலப்பக்கம் போக வேண்டும். அப்படிச் செய்தால் உள்ளங்கை வானத்தைப் பார்க்கும். விசை மேல்நோக்கி. இந்த ஒரு நிலையைத் தசையில் பதித்துக்கொள்ளுங்கள்; பின்னால் பல இடங்களில் இதே நிலைக்குத் திரும்பி வரப்போகிறோம்.

கம்பியும் புலமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லாவிட்டால்? விசையின் பருமன் இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கப்படும். 30 பாகையானால் விசை பாதியாகும். சமாந்தரமானால் விசையே இல்லை. திசை காண, புலத்தில் கம்பிக்குச் செங்குத்தாக இருக்கும் கூறை மட்டும் எடுத்து விரல்களை அதன் வழியே நீட்ட வேண்டும். விசை எப்போதும் மின்னோட்டத்துக்கும் புலத்துக்கும் செங்குத்தாகவே இருக்கும். உங்கள் விடையில் விசையின் அம்புக்குறி இந்த இரண்டில் ஏதாவது ஒன்றோடு சாய்ந்து நின்றால், கையை மறுபடி பார்க்க வேண்டியதில்லை, விடை பிழை.

உயர்தர மாணவர்கள் இதைக் காவிப் பெருக்கமாகவும் அறிவார்கள். மின்னோட்டக் காவியை முதலாவதாகவும் புலக் காவியை இரண்டாவதாகவும் எழுதிப் பெருக்கினால் வருவது விசை. வரிசையை மாற்றினால் திசை நேரெதிராகும். விரல், பெருவிரல் வேலைகளை இடம் மாற்றிப் பிடிக்கும்போது நேர்வதும் அதுவே.

பிளெமிங்கின் இரண்டு கைகள்

ஜோன் அம்புரோஸ் பிளெமிங் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மின்னியல் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். 1904இல் வெற்றிடக் குழாய் இருவாயியைக் கண்டுபிடித்தவரும் அவரே. மாணவர்கள் மோட்டரையும் தைனமோவையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதிருக்க இரண்டு கைகளுக்கும் தனித்தனி வேலை கொடுத்தார்.

இடக்கை மோட்டருக்கு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரியுங்கள். பெருவிரலிலிருந்து வரிசையாக விசை, புலம், மின்னோட்டம். மேலே செய்த பயிற்சியை இதில் சரிபார்க்கலாம்: இடக்கையின் சுட்டுவிரல் வடக்கே, நடுவிரல் கிழக்கே வைத்தால் பெருவிரல் மேலே நிற்கும். உள்ளங்கை விதி தந்த விடைதான்.

வலக்கை தைனமோவுக்கு. அங்கே பெருவிரல் கம்பியை நாம் அசைக்கும் திசை, சுட்டுவிரல் புலம், நடுவிரல் தூண்டப்படும் மின்னோட்டம்.

விதிகளில் குற்றமில்லை. என் குறை வேறு. மூன்று விரல்களும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. எந்த விரலுக்கு எது என்பதைச் சொல்லித்தர விரல்களின் உருவத்தில் எதுவும் இல்லை. இடது, வலது என்று வேறு பிரித்திருப்பதால் மோட்டரும் தைனமோவும் வெவ்வேறு இயற்கை விதிகளின்படி இயங்குகின்றன என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் விழுந்துவிடுகிறது. அது உண்மையல்ல என்பதைத் தூண்டல் பகுதியில் காட்டுகிறேன். வினாத்தாளில் 'பிளெமிங்கின் இடக்கை விதியைக் கூறுக' என்று வந்தால் அவர் சொன்னபடி எழுதுங்கள். திசை காணும்போது உள்ளங்கையைப் பயன்படுத்துங்கள். யாரும் உங்கள் கையைப் பார்த்துப் புள்ளி போடுவதில்லை.

நேர் மின்னோட்ட மோட்டரை இந்த விதியால் ஒருமுறை முழுமையாகச் சுற்றிப் பார்த்துவிடுவோம். மேசையில் செவ்வகச் சுருள் ஒன்று கிடையாக இருக்கிறது. இடப்பக்கம் வட முனைவு, வலப்பக்கம் தென் முனைவு. ஆகவே புலம் இடமிருந்து வலமாக. சுருளின் இடப்பக்கக் கம்பியில் மின்னோட்டம் உங்களைவிட்டு அப்பால் போகிறது, வலப்பக்கக் கம்பியில் உங்களை நோக்கித் திரும்பி வருகிறது. விரல்களை வலமாக நீட்டிப் பெருவிரலை அப்பால் காட்டினால் உள்ளங்கை கீழே பார்க்கும்: இடப்பக்கம் கீழே போகிறது. பெருவிரலை உங்களை நோக்கித் திருப்பினால் உள்ளங்கை மேலே பார்க்கும்: வலப்பக்கம் எழுகிறது. உங்கள் பார்வையில் சுருள் இடஞ்சுழியாகச் சுழலும். அரைச் சுற்று முடிந்ததும் கம்பிகள் இடம் மாறிவிடுவதால் மின்னோட்டத்தை அப்படியே விட்டால் சுருள் பின்னோக்கித் தள்ளப்படும். அதைத் தடுத்து, அரைச் சுற்றுக்கு ஒருமுறை சுருளில் மின்னோட்டத்தைப் புரட்டிவிடுவதே பிளவு வளையத் திசைமாற்றியின் வேலை. வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் பொதுவாக ஆடலோட்டத்தில், அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்தில், ஓடும் தூண்டல் மோட்டர். அதில் பிளவு வளையத்தைத் தேடாதீர்கள்.

இரண்டு விதிகளும் சேரும் இடம்

இரண்டு சமாந்தரக் கம்பிகள், இரண்டிலும் மின்னோட்டம் தாளில் மேல்நோக்கி. ஈர்க்குமா, தள்ளுமா? மின்னேற்றங்களை வைத்து யோசிப்பவர்கள் 'ஒத்தவை தள்ளும்' என்று எழுதிவிடுவார்கள்.

முதலில் இடப்பக்கக் கம்பியைப் பிடியுங்கள். அதன் வலப்பக்கத்தில், அதாவது மற்றக் கம்பி இருக்கும் இடத்தில், புலம் தாளுக்குள் போகிறது. அங்கே ஒரு புள்ளடி போடுங்கள். இப்போது இடப்பக்கக் கம்பியை மறந்துவிடலாம். உள்ளங்கையை விரித்து, விரல்களைத் தாளுக்குள் நீட்டி, பெருவிரலை மேலே காட்டுங்கள். உள்ளங்கை இடப்பக்கம் பார்க்கிறது. வலப்பக்கக் கம்பி இடப்பக்கக் கம்பியை நோக்கி இழுபடுகிறது. ஒரே திசை ஓட்டங்கள் ஈர்க்கும், எதிர்த்திசை ஓட்டங்கள் தள்ளும்.

அம்பியர் என்ற அலகையே நெடுங்காலம் இந்த விசையைக் கொண்டுதான் வரையறுத்தார்கள். வெற்றிடத்தில் 1 மீற்றர் இடைவெளியில் உள்ள மிக நீண்ட இரண்டு கம்பிகளில் 1 அம்பியர் பாய்ந்தால், ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் தாக்கும் விசை 0.0000002 நியூற்றன். 2019 மே 20 முதல் அந்த வரையறை மாற்றப்பட்டு, இலத்திரனின் ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்ட வரையறை நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. மேலே செய்த இரண்டு படிகளையும் இடக்கையால் செய்து பாருங்கள். புலம் புள்ளடிக்குப் பதிலாகப் புள்ளியாகும். ஆனாலும் கம்பிகள் ஈர்க்கும் என்ற விடையே வரும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இயற்கைக்கு இங்கே வலக்கை, இடக்கை என்ற பாகுபாடு இல்லை. புலத்தின் திசையை இன்னபடி குறிப்போம் என்று நாம் செய்துகொண்ட உடன்பாட்டுக்காகவே கை தேவைப்படுகிறது. ஒரு படியை வலக்கையாலும் மற்றப் படியை இடக்கையாலும் செய்பவருக்குத்தான் ஆபத்து.

மேசைமேல் ஒரு சோதனை

விதியைக் கண்ணால் கண்டவருக்கு அது மறக்காது. தேவையானவை: நடுவில் துளையில்லாத வட்டக் காந்தம் ஒன்று, சமையலறை அலுமினியத் தாளில் வெட்டிய 1 சென்ரிமீற்றர் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள கீற்று, ரோர்ச் லைற் பற்றரி ஒன்று, இரண்டு துண்டுக் கம்பி, ஒட்டும் நாடா. வீட்டு மின்சாரத்தை இதற்குக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம்.

முதலில் காந்தத்தின் எந்த முகம் வட முனைவு என்று அறிய வேண்டும். சிறிய திசைகாட்டியைக் கிட்டே கொண்டுபோங்கள். வடக்கைக் காட்டும் ஊசி முனை எந்த முகத்தை நோக்கி இழுபடுகிறதோ அது தென் முனைவு. மறுமுகத்தில் பேனையால் ஓர் அடையாளமிடுங்கள். மிக வலிய காந்தத்தைத் திசைகாட்டியோடு ஒட்டவிட்டால் ஊசியின் முனைவே புரண்டுவிடக்கூடும். எட்ட நின்றே பாருங்கள்.

வட முகம் மேலே இருக்கும்படி காந்தத்தை மேசையில் வைத்து, அலுமினியக் கீற்று அதன் நடுப்பகுதிக்கு மேலே, தொடாமல், இடமிருந்து வலமாகத் தொய்வாகத் தொங்கும்படி இரண்டு முனைகளையும் புத்தகங்களின்மேல் ஒட்டுங்கள். இறுக்கமாக இழுத்து ஒட்டினால் அசைய இடமிருக்காது. கம்பிகளைக் கீற்றின் முனைகளில் பொருத்துங்கள்.

பற்றரியைத் தொடுக்கும் முன் விடையைச் சொல்லிவிட வேண்டும். காந்தத்தின் நடுவே புலம் மேல்நோக்கி. நேர் முடிவிடத்தை இடப்பக்க முனையில் தொட்டால் மின்னோட்டம் இடமிருந்து வலமாக. விரல்கள் மேலே, பெருவிரல் வலமாக: உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கிறது. கீற்று உங்களை நோக்கித் துள்ள வேண்டும். இப்போது தொட்டுப் பாருங்கள், ஒரு விநாடிக்கு மேல் வேண்டாம். இது ஏறக்குறையக் குறுஞ்சுற்று. பிடித்துக்கொண்டிருந்தால் கீற்றும் பற்றரியும் சூடேறும். பிறகு பற்றரியைப் புரட்டித் தொடுங்கள். அடுத்து காந்தத்தைப் புரட்டுங்கள். கடைசியாக இரண்டையும் ஒன்றாகப் புரட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கையால் விடை சொன்ன பின்பே தொட வேண்டும். இரண்டையும் புரட்டும்போது கீற்று பழைய திசையிலேயே துள்ளுவதை ஏன் என்று பிள்ளை தானே சொல்லிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இவ்வளவு சிறிய பற்றரியால் எப்படித் துள்ளுகிறது? கீற்று இருக்கும் இடத்தில் புலம் 0.05 தெஸ்லா, மின்னோட்டம் 2 அம்பியர், புலத்துக்குள் உள்ள நீளம் 3 சென்ரிமீற்றர் என்று கொண்டால் விசை 0.003 நியூற்றன். ஏறத்தாழ கிராமில் மூன்றில் ஒரு பங்கின் நிறை. ஒரு சாண் கீற்று முழுவதுமே அதைவிட மெலிது.

யாழ்ப்பாணத்தின் புலம்

காந்தமே இல்லாமலும் பயிற்சி செய்யலாம். புவியின் காந்தப் புலம் எப்போதும் நம்மைச் சுற்றி இருக்கிறது. பாடநூல்களில் இதற்குச் சாய்வுக் கோணம் என்று ஒரு தொல்லை வரும்: இலண்டனில் புவிப்புலம் கிடைக்குக் கீழே 66 பாகையளவு சாய்ந்து நிலத்துக்குள் இறங்குகிறது. ஆனால் காந்த மத்தியகோடு நமக்கு மிக அருகே, தென்னிந்தியாவின் தெற்கு முனையையும் இலங்கையையும் அண்டிச் செல்கிறது. அதனால் குடாநாட்டில் புவிப்புலம் ஏறத்தாழ முழுக்கக் கிடையாக, வடக்கு நோக்கி இருக்கிறது. அளவு ஏறத்தாழ 40 மைக்ரோ தெஸ்லா. கை விதி பழக இதைவிட வசதியான நிலம் கிடைப்பது அரிது. விரல்களை எப்போதும் வடக்கே நீட்டினால் போதும்.

காங்கேசன்துறை வீதி ஏறத்தாழ வடக்கே போகிறது. அதன் வழியே இழுத்த கம்பியில் நேர் மின்னோட்டம் பாய்ந்தால் புவிப்புலத்தால் விசை அநேகமாக இல்லை. ஓட்டமும் புலமும் சமாந்தரம். கிழக்கு மேற்காக இழுத்த கம்பியில் மின்னோட்டம் கிழக்கே போனால் விசை மேலே, மேற்கே போனால் கீழே. 10 அம்பியர் பாயும் 1 மீற்றர் நீளத்துக்கு 0.0004 நியூற்றன், கம்பியின் நிறையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. வீதிக் கம்பங்களில் உள்ளது 50 ஹேற்ஸ் ஆடலோட்டம் என்பதால் அங்கே இந்தச் சிறு விசையும் விநாடிக்கு 100 முறை மேலும் கீழுமாகப் புரண்டுகொண்டிருக்கும்.

தூண்டல்: அதே கை, இரண்டு முறை

தைனமோவில் கம்பியை நாம் அசைக்கிறோம். மின்னோட்டம் தானாக எழுகிறது. மைக்கேல் பரடே 1831இல் கண்டது இது. புதிய கை தேவையில்லை என்பதற்கு ஒரு பஸ் பயணம் போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியில் சாவகச்சேரிப் பக்கம் போகும் பஸ் ஏறத்தாழ கிழக்கே போகிறது. அதற்குள் நிலைக்குத்தாக நிற்கும் 2 மீற்றர் உயர உலோகக் கம்பி ஒன்றை எடுங்கள். கம்பிக்குள் இருக்கும் ஏற்றங்கள் பஸ்ஸோடு கிழக்கே பயணம் செய்கின்றன. நேரேற்றம் கிழக்கே போவதும் கிழக்கு நோக்கிய மின்னோட்டமும் ஒன்றே. ஆகவே பெருவிரல் கிழக்கே, விரல்கள் வடக்கே. நாம் முதலில் பழகிய அதே நிலை. உள்ளங்கை மேலே பார்க்கிறது. நேரேற்றம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. கம்பியின் மேல் முனை நேர், கீழ் முனை மறை. பிளெமிங்கின் வலக்கையைப் பிடித்துப் பார்த்தாலும் நடுவிரல் மேலேயே நிற்கும். பஸ் விநாடிக்கு 15 மீற்றர் வேகத்தில் போனால் மின்னியக்க விசை 40 மைக்ரோ தெஸ்லா, 2 மீற்றர், 15 ஆகியவற்றின் பெருக்கம்: 1.2 மில்லிவோல்ற்று. ஆனையிறவைத் தாண்டித் தெற்கே போகும் ரயிலில் இதே கம்பி நின்றால் கிட்டத்தட்ட எதுவும் எழாது, புலத்தின் வழியே அசைவதால்.

இனி அடுத்த படி. கணக்குப் புத்தகங்களில் வருவதுபோல, அசையாத தண்டவாளங்கள்மேல் கம்பி வழுக்கிச் சென்று சுற்று மூடப்படுகிறது என்று வையுங்கள். கம்பியில் மின்னோட்டம் மேல்நோக்கிப் பாயும். இப்போது அந்த மின்னோட்டத்தின்மேல் புலம் என்ன செய்யும்? விரல்களை வடக்கே வைத்தபடியே பெருவிரலை மேலே திருப்புங்கள். உள்ளங்கை மேற்கே பார்க்கிறது. கிழக்கே போகும் கம்பியை மேற்கே இழுக்கிறது. 1834இல் லென்ஸ் சொன்ன விதி இதுதான்: தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும். தனியாக மனப்பாடம் செய்த ஒரு விதி, கையை இரண்டு முறை விரித்ததில் தானாகவே வந்துவிட்டது. பளைப் பக்கம் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகளைக் காற்று உழைத்துத் தள்ள வேண்டியிருப்பதும் இந்த எதிர்ப்பால்தான். எதிர்ப்பே இல்லாவிட்டால் மின்சாரம் சும்மா கிடைத்துவிடுமே.

தனி ஏற்றங்கள்

புரோத்தன் போன்ற நேரேற்றத்துக்குப் பெருவிரல் அதன் வேகத்தின் திசை. வேறு மாற்றமில்லை. இலத்திரனுக்கு வழிகள் இரண்டு: பெருவிரலை இலத்திரனின் வேகத்துக்கு எதிராகக் காட்டலாம், அல்லது நேரேற்றமாக எண்ணி விடை கண்டு கடைசியில் புரட்டலாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து அதையே எப்போதும் செய்யுங்கள். நான் முதல் வழியையே சொல்லிக்கொடுப்பேன். கடைசியில் புரட்ட வேண்டியதைப் பதற்றத்தில் மறப்பது எளிது.

புலம் தாளுக்குள் போகிறது, புரோத்தன் வலப்பக்கம் பாய்கிறது என்றால் உள்ளங்கை தாளின் மேற்பக்கத்தைப் பார்க்கும். விசை எப்போதும் வேகத்துக்குச் செங்குத்தாக இருப்பதால் புரோத்தன் வேகம் கூடாமல் குறையாமல் வளைந்து, இடஞ்சுழியாக வட்டமிடும். இலத்திரன் வலஞ்சுழியாக. இதைத் தனியாக நினைவில் வைத்திருப்பது பல்தேர்வு வினாக்களில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

பழகுவதற்கு மூன்று

விடையைப் படிக்கும் முன் கையை விரியுங்கள்.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி. அதற்குள் வட்டச் சுருள் ஒன்று, புலம் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் வெளிநோக்கி இருக்கும் இடைவெளியில் நிற்கிறது. முன்னாலிருந்து பார்க்கும் உங்களுக்கு மின்னோட்டம் வலஞ்சுழி. சுருள் எந்தப் பக்கம் அசையும்? சுருளின் உச்சிப் புள்ளியை எடுங்கள்: அங்கே மின்னோட்டம் வலமாக, புலம் மேலே. உள்ளங்கை உங்களைப் பார்க்கிறது. வேறு எந்தப் புள்ளியை எடுத்தாலும் அப்படியே. சுருள் முன்னே வருகிறது; மின்னோட்டம் புரளும்போது பின்னே போகிறது. அந்த முன்பின் அசைவே ஒலி.

ஐப்பசி மாத மின்னல். மேகத்திலிருந்து நிலத்துக்கு விழும் மின்னல்களில் பெரும்பாலானவை மறையேற்றத்தைக் கீழே கொண்டுவருபவை. யாழ்ப்பாணத்தில் அப்படி நேராக விழும் மின்னலைப் புவிப்புலம் எந்தப் பக்கம் தள்ளும்? மறையேற்றம் கீழே வருவதால் பெருவிரல் மேலே, விரல்கள் வடக்கே. விசை மேற்கே. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அல்ல.

வானிலிருந்து நேராகக் கீழே வரும் நேரேற்றத் துகள். பெருவிரல் கீழே, விரல்கள் வடக்கே, உள்ளங்கை கிழக்கே. கிழக்கே தள்ளப்படுவதால் இத்தகைய துகள்கள் மேற்கு வானிலிருந்தே கூடுதலாக வந்து சேரும். மறையேற்றத் துகள்களானால் கிழக்கு வானிலிருந்து. 1933இல் மெக்சிகோ நகரில் அண்டக்கதிர்களை அளந்தவர்கள் மேற்குப் பக்கம் கூடுதலாக இருக்கக் கண்டார்கள். அண்டக்கதிர்களில் பெரும்பாலானவை நேரேற்றம் கொண்டவை என்ற முடிவு அதிலிருந்து வந்தது.